தேய்ந்த மண்ணில் எழுந்த பனைக்காடு

ஹவாயைச் சேர்ந்த மௌயி தீவில், 1970-களின் பிற்பகுதியில் நிலம் வாங்கினார் அமெரிக்கக் கவிஞர் டபிள்யூ.எஸ்.மெர்வின். அன்னாசிக்காகச் சரிவின் போக்கிலேயே உழுததால், மழையில் மேல்மண் கரைந்துபோன தரிசு அது. நியூயார்க்கில் குழந்தைகள் நூல்களின் பதிப்பாசிரியராக இருந்த பவுலா, நகரத்தை விட்டு அங்கே வந்தார். 1983-ல் திருமணம் நடந்தது.

தீவின் சொந்த மரங்களைத்தான் மெர்வின் முதலில் நட்டார். சத்திழந்த மண்ணில் பல பிழைக்கவில்லை. பனைக் குடும்ப மரங்கள் தாக்குப்பிடித்தன. உடனே அந்தப் பக்கம் திரும்பினார். விதை போட்டு நாற்று வளர்த்து, மழைக்காலத்தில் நாளுக்கு ஒரு மரம் என்று இருவரும் நட்டார்கள். வீட்டுக்கு மழைநீர்த் தொட்டியும் சூரிய மின்சாரமும். உதிர்ந்த மட்டைகள் அங்கேயே மட்கி மண்ணாயின.

இன்று சுமார் 19 ஏக்கரில் 400-க்கும் மேற்பட்ட வகைகளில் 2,700-க்கும் அதிகமான மரங்கள் நிற்கின்றன. பவுலா 2017-லும் மெர்வின் 2019-லும் மறைந்தனர். காட்டை ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது.

சரிவு நிலம் வைத்திருப்பவர்கள் குறுக்கே உழுங்கள். ஆசைப்பட்ட மரம் வராவிட்டால், பிழைக்கும் மரத்தை முதலில் வையுங்கள். நிழலும் மட்கும் சேர்ந்தால் மண் மெல்லத் திரும்பும்.