பச்சையா, ஆம்பரா, சிவப்பா? கே.ஜி.எஃப்.பில் ஒரு 'பி.ஜி.வி.' வேடிக்கை

திரையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்துடலாம்! ஆஃபர் லெட்டர் வந்து, கோலார் தங்கவயலில் (கே.ஜி.எஃப்.) ஆண்டர்சன்பேட்டை முழுக்க ஸ்வீட் கொடுத்து முடித்த பிறகு, 'உங்கள் பி.ஜி.வி.யில் (பின்னணிச் சரிபார்ப்பில்) டிஸ்க்ரிபன்சி' என்று ஹெச்.ஆரிடமிருந்து ஒரு மெயில் வந்து வயிற்றைக் கலக்குமே, அது தயாராகும் இடத்துக்குத்தான் போகிறோம்.

அங்கே துப்பறியும் சாம்பு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்தது ஒரு பக்கம், ஆவணத்தில் இருப்பது மறுபக்கம். இரண்டும் பொருந்தினால் பச்சை. பெரிய வித்தியாசம் என்றால் சிவப்பு. சின்ன வித்தியாசம் என்றாலோ, பழைய கம்பெனி மூடிப்போய்ப் பதில் சொல்ல ஆளில்லை என்றாலோ, பெரும்பாலும் ஆம்பர். இவ்வளவுதான் ரகசியம்!

இந்த விளையாட்டில் நம்ம தங்கவயல்காரர்கள் மாட்டுகிற அழகு இருக்கிறதே! அப்பா பெயர் ஏழுமலை. பள்ளிக்கூட ஆங்கிலத்தில் அது 'ஒய்'யில் தொடங்கும், ஆதாரில் 'ஈ'யில். மார்க்ஸ் கார்டில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் முழுப்பெயராகப் பின்னால். 'லாஸ்ட் நேம்' என்ற கட்டத்தைக் கண்டுபிடித்தவருக்குத் தமிழ் இனிஷியல் தெரியாது, பாவம். ஒரே பையன், மூன்று ஆசாமி!

அடுத்தது முகவரி. 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின் ஊரில் பலருக்குப் பெங்களூரு ரயில்தான் பிழைப்பு. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ஏறினால் இரவுதான் வீடு. சரிபார்க்க வருகிறவர் பட்டப்பகலில் வருவார். கதவில் பூட்டு. பக்கத்து லைனில் விசாரித்தால், "சுரேஷா? அப்படி யாரும் இல்லையேப்பா" என்பார்கள். அவர்களுக்கு அவன் பாபு!

ஆளைச் சரிபார்ப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1930-இல் விரல் ரேகை பதியச் சொன்னதற்கே சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பேரப்பிள்ளைகள் இன்று லொகேஷனோடு செல்ஃபி அனுப்புகிறார்கள்.

உண்மையிலேயே வேலைக்கு உலை வைப்பது பி.எஃப். பழைய கம்பெனி, நீங்கள் விலகிய தேதியைப் போடாமல் விட்டிருக்கும். பார்ப்பவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்த மாதிரி தெரியும். பயப்பட வேண்டாம், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனபின், பி.எஃப்.பின் யு.ஏ.என். தளத்தில் நீங்களே அந்தத் தேதியைப் போடலாம். பெயர், பிறந்த தேதித் திருத்தங்களையும் 2025 ஜனவரி முதல் பலர் கம்பெனி ஒப்புதல் இல்லாமலே செய்துகொள்ளலாம்.

கோர்ட் பதிவில் அதே பெயரில் வேறொருவரின் வழக்கு ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்பா பெயர், வயது, முகவரி மூன்றையும் எதிரெதிரே எழுதிக் காட்டுங்கள், கே.ஜி.எஃப். போலீஸின் நன்னடத்தைச் சான்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

அதைவிட முக்கியம், போனில் அழாதீர்கள். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, எந்த வரி தப்பு என்று மெயிலிலேயே பதில் போடுங்கள். எழுத்துப் பிசகு வேறு, பொய் வேறு. அதைப் புரிந்துகொள்ளாத ஹெச்.ஆர். குறைவு. ஆனால் ஆஃபர் வரட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். இன்று ராத்திரி ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும் யு.ஏ.என். கணக்கைத் திறந்து, விலகிய தேதி இருக்கிறதா பாருங்கள்.