பேஸ்பால் நடுவரின் சம்பளம்

தோட்டத்துத் திடலில் பந்து விளையாட்டு நடக்கும்போது நம் கண்ணெல்லாம் ஆட்டக்காரர்கள் மீதே இருக்கும். நடுவரை நாம் நினைப்பது அவர் ஊதலை ஊதும்போதுதான். அதுவும் பெரும்பாலும் ஏசுவதற்காக! அந்த நடுவர் வேலையையே பிழைப்பாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பேஸ்பால் நடுவர்கள் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள், அந்தச் சம்பளம் எப்படிக் கிடைத்தது என்பதை இன்று பார்ப்போம்.

பேஸ்பால், மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஆட்டம். பந்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து வரும். அது சரியாக எறியப்பட்டதா, இல்லையா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் நடுவர் சொல்லவேண்டும்.

இத்தொழிலுக்கு வருபவர் பயிற்சியில் தேறி, முதலில் சிறிய லீக்குகளில் பல ஆண்டுகள் உழைக்கவேண்டும். 2010-களில் அங்கே மாதச் சம்பளம் ஏறத்தாழ 2,000 டாலரில் தொடங்கியது. மேல்படியில்கூட 4,000 டாலரை எட்டவில்லை. அதுவும் ஆட்டக்கால மாதங்களுக்கு மட்டுமே. ஆகவே குளிர்காலத்தில் பலர் வேறு வேலை தேடினார்கள்.

உச்சியில் இருப்பது மேஜர் லீக். அங்கே நிரந்தர நடுவர் இடங்கள் 76 மட்டுமே. புதியவருக்கு ஆண்டுக்குச் சுமார் 150,000 டாலர் என்றும், மூத்தவர்களுக்கு 400,000 டாலருக்கும் மேல் என்றும் பத்திரிகைகள் எழுதுகின்றன.

இந்தச் சம்பளம் தானாக வந்துவிடவில்லை. 1968-இல் சங்கம் அமைக்க முயன்ற இரண்டு நடுவர்கள் வேலை இழந்தார்கள். அவர்களுக்குத் திறமை போதாது என்பது லீக் சொன்ன காரணம். ஆனாலும் சங்கம் வளர்ந்தது. 1970-இல் முக்கியமான ஆட்டங்கள் தொடங்கிய நாளில் நடுவர்கள் ஒரே ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு பெற்றார்கள். 1979-இல் ஆட்டக்காலம் தொடங்கியும் மே மாத நடுப்பகுதிவரை திடலுக்கு வரவில்லை. மாற்று நடுவர்களைக் கொண்டு ஆட்டங்கள் நடந்தன, தகராறுகள் மலிந்தன. முடிவில் நடுவர்களுக்குச் சம்பளமும் உயர்ந்தது; ஆட்டக்காலத்தில் இரண்டு வார விடுமுறையும் கிடைத்தது.

இனி வருவதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. 1999-இல் மீண்டும் பிணக்கு எழுந்தது. அப்போதிருந்த ஒப்பந்தப்படி வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. எனவே சங்கத் தலைமை வேறு வழி சொன்னது: 57 நடுவர்கள் வேலையிலிருந்து விலகுவதாக அறிவித்தார்கள். நிர்வாகம் பணிந்து வரும் என்று எதிர்பார்த்தார்கள். நிர்வாகமோ சிறிய லீக்குகளிலிருந்து புதியவர்களை அமர்த்தியது. பதறிப்போய்ப் பலர் கடிதத்தைத் திரும்பப் பெற முயன்றனர். 22 பேர் வேலை இழந்தனர். பின்னாளில் சிலருக்கே வேலை திரும்பக் கிடைத்தது. பழைய சங்கம் போய், 2000-இல் புதிய சங்கம் வந்தது.

நேயர்களே, வேலைநிறுத்தம் செய்பவர் வேலையைக் கைவிடுவதில்லை. நியாயம் கேட்டுக் காத்திருக்கிறார். விலகல் கடிதம் கொடுப்பவரோ தம் வேலையைத் தாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த 22 குடும்பங்கள் அனுபவித்து அறிந்தன. ஒற்றுமை வேண்டும், அதோடு, கையெழுத்துப் போடுமுன் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தறியும் பழக்கமும் வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்குப் போகும் தங்கள் பிள்ளையை அருகில் அழைத்துப் படிக்கச் சொல்லலாம். அதில் வெட்கம் ஏதுமில்லை.