நான்கு நாள் பயணத்தின் சுமை

2001 ஜனவரி 16 அன்று, எக்வடோர் நாட்டுக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில், சான் கிறிஸ்டோபல் துறைமுகத்துக்கு மிக அருகே 'ஜெசிகா' என்ற எண்ணெய்க் கப்பல் பாறைத்திட்டில் ஏறி நின்றுவிட்டது. அதில் சுமார் 9 லட்சம் லிட்டர் எண்ணெய் இருந்தது. மூன்றில் இரண்டு பங்கு டீசல். மீதி 3 லட்சம் லிட்டர், கப்பல் என்ஜின்களுக்கான கனத்த எரியெண்ணெய். பயணிகளைத் தீவு தீவாகக் கூட்டிச்சென்று விலங்குகளைக் காட்டும் ஒரு சுற்றுலாக் கப்பலுக்காகத்தான் அந்தக் கனத்த எண்ணெய் வந்துகொண்டிருந்தது.

அடுத்த சில நாள்களில் எண்ணெயின் பெரும்பகுதி கடலில் கலந்தது. நல்லவேளையாகக் காற்றும் நீரோட்டமும் படலத்தைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போயின. எண்ணெய் அப்பிய பறவைகளையும் கடல்சிங்கங்களையும் பிடித்துக் கழுவி விட்டார்கள். கண்ணெதிரே செத்துக் கிடந்தவை சொற்பம். பெரிய ஆபத்து விலகிவிட்டது என்று செய்தி வந்தது.

ஓராண்டு கழித்துத்தான் உண்மைக் கணக்கு வெளியானது. மார்ட்டின் விகெல்ஸ்கி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சாந்தா ஃபே தீவின் கடல் இகுவானாக்களைப் பல ஆண்டுகளாக எண்ணிவந்தவர்கள். கடலில் மூழ்கிப் பாசி மேயும் பல்லியினம் உலகில் இது ஒன்றே. விபத்துக்குப் பிந்தைய ஓராண்டில் அந்தத் தீவில் இவற்றில் 62 விழுக்காடு செத்துப்போயிருந்தன. அங்கே கரையொதுங்கியது மிகக் குறைந்த அளவு எண்ணெய். எண்ணெய் எட்டாத ஜெனோவெசா தீவில் இப்படிச் சாவு இல்லை. பாசியைச் செரிக்க உதவும் குடல் நுண்ணுயிர்களை எண்ணெய் அழித்திருக்கலாம், வயிற்றில் தீனி இருந்தும் அவை பட்டினியால் மடிந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 2002இல் 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது.

'நான்கு நாள், மூன்று இரவு' என்று விற்கப்படும் கலாபகோஸ் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்ட நினைப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தத் தீவுகளில் சேதம் கண்ணுக்குத் தெரியாத அளவில் வந்து இறங்குகிறது. பின்னால்தான் எண்ணிக்கையில் தெரிகிறது.

தீவுகளின் பிறப்பிலேயே இதற்குக் காரணம் இருக்கிறது. தென் அமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் மேற்கே, கடலடியிலிருந்து எரிமலைகள் எழுப்பிய நிலம் இது. எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டியிருந்ததில்லை. மிதந்தோ பறந்தோ காற்றில் அடித்துவரப்பட்டோ வந்தவை மட்டுமே இங்கே குடியேறின. நரி, பூனை, கீரி போன்ற தரைவாழ் வேட்டைப் பாலூட்டிகள் வரவில்லை. அதனால்தான் இங்கே கடல்சிங்கம் நம் காலடியில் தூங்குகிறது, பறவை நடைபாதையிலேயே முட்டை இடுகிறது. பயணிகளை மயக்கும் இந்த அச்சமின்மைதான் இவற்றின் பெரிய பலவீனம். புதிதாக ஒரு பகைவன் வந்தால் அவனைப் பகைவன் என்று அறியும் புத்தி இவற்றுக்கு இல்லை. நோய்க்கிருமிக்கும் இதே கதைதான்: சந்தித்திராத கிருமியைத் தாங்கும் வலு உடலில் இல்லை.

விதிகள் இல்லாத இடம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. உலகில் மிகக் கவனமாக நடத்தப்படும் தேசியப் பூங்காக்களில் இது ஒன்று. 1959இல் பூங்கா ஆனது. நிலப்பரப்பில் 97 விழுக்காடு அதற்குள் வருகிறது. 1978இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலை முதன்முதலில் வெளியிட்டபோதே கலாபகோஸ் இடம்பெற்றது. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் பூங்காவின் பெரும்பாலான இடங்களில் இறங்க முடியாது. விலங்கிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஒரு கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் கூடாது. 2012 முதல், ஒரு கப்பல் ஒரே இடத்துக்கு 14 நாள்களுக்குள் மறுபடி போகவும் முடியாது. பயணிகள் கட்டும் கட்டணமும் காவலுக்கு உதவுகிறது. 2024 ஆகஸ்ட் முதல் பெரும்பாலான வெளிநாட்டவருக்கு அது 200 டாலர்.

இவ்வளவும் சரி. ஆனால் கப்பல்களுக்கான வரம்பு படுக்கைகளை எண்ணுகிறது. வந்துபோகும் தலைகளை எண்ணுவதில்லை.

100 படுக்கைகள் உள்ள ஒரு கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 14 இரவுச் சுற்றை ஏழு ஏழு இரவாக இரண்டு பயணங்களாக விற்றால் 200 பேர் வந்துபோவார்கள். அதையே மூன்றும் நான்குமாக நறுக்கி நான்கு பயணங்களாக விற்றால் 400 பேர். கப்பல் மாறவில்லை, பாதையும் மாறவில்லை. விமான இருக்கைகளும் பெட்டிகளும் காலணிகளும் இரட்டிப்பாகிவிட்டன. அந்நிய உயிர்கள் நுழையும் வாய்ப்பு, ஒருவர் எத்தனை நாள் தங்குகிறார் என்பதைவிட எத்தனை பேர் வந்து இறங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தே கூடும்.

1979இல் கலாபகோஸுக்கு வந்தவர்கள் சுமார் 12,000 பேர். 2019இல் 2 லட்சத்து 70 ஆயிரத்தைத் தாண்டினார்கள். 2023இல் 3 லட்சத்துக்கும் மேல். தீவுகளில் குடியிருப்பவர்களோ 30,000 பேர் அளவில்தான். இன்று வருபவர்களில் பெரும்பான்மையோர் கரையில் விடுதிகளில் தங்குகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்; பழியைக் கப்பல்கள்மேல் மட்டும் போடுவது நியாயமாகாது. ஆனால் மனிதக் குடியிருப்பே இல்லாத தொலைத்தீவுகளுக்குப் போய் ஆட்களை இறக்குவது பெரும்பாலும் கப்பல்கள்தான்.

அந்தப் பெட்டிகளிலும் சரக்கிலும் வந்தவை என்ன? மனிதர் கொண்டுவந்து சேர்த்த அந்நிய உயிரினங்கள் 1,500க்கு மேல் என்று 2017இல் வந்த ஓர் ஆய்வு எண்ணிக் காட்டியது. ஏறக்குறையப் பாதி வேண்டுமென்றே கொண்டுவரப்பட்டவை. அவற்றில் ஒன்று நமக்கு அந்நியமல்ல. நீலகிரியிலும் பழனிமலையிலும் இயல்பாக வளரும் முட்புதர். தோட்டக்கலையில் மைசூர் ராஸ்பெரி என்று பெயர். பழத்துக்காக அங்கே நட்டார்கள். பறவைகள் தின்று விதையைப் பரப்பின. இன்று சாந்தா குரூஸ் தீவின் மேட்டு நிலத்தில், உலகில் வேறெங்கும் இல்லாத ஸ்கலீசியா மரக்காட்டை அது மூடிக்கொண்டு, புது மரக்கன்று எழும்ப விடாமல் அடிக்கிறது. நம் மலையில் அடக்கமாக இருக்கும் செடி அது.

கேட்காமல் வந்தவை இன்னும் கொடியவை. ஃபிலோர்னிஸ் என்ற ஈ பறவைக் கூட்டில் முட்டையிடுகிறது. இளம்புழுக்கள் கண் திறக்காத குஞ்சின் மூக்குத் துளைக்குள் புகுகின்றன; வளர்ந்த புழுக்கள் இரவில் கூட்டின் அடியிலிருந்து வெளிவந்து ரத்தம் குடிக்கின்றன. சில இடங்களில், சில ஆண்டுகளில், கூட்டில் ஒரு குஞ்சுகூட மிஞ்சுவதில்லை. 1997இல்தான் கூடுகளுக்குள் அதைக் கண்டுகொண்டார்கள். பழைய பூச்சித் தொகுப்புகளைத் தேடியபோது 1964லேயே பிடித்துவைத்த ஈ கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கொலையாளி உள்ளே இருந்திருக்கிறது, ஒருவரும் அறியவில்லை. டார்வின் பெயரால் அறியப்படும் குருவிகளில் சதுப்புநிலக் குருவி என்ற இனம் இசபெலா தீவின் மேற்குக் கரையில் நூறு அளவில்தான் எஞ்சியிருக்கிறது. அதை அழிவின் விளிம்புக்குத் தள்ளியவற்றில் இந்த ஈயும் ஒன்று.

எனக்கு இதைவிட அச்சம் தருவது கொசு. நம் ஊர்ச் சாக்கடைகளில் வளர்ந்து யானைக்கால் நோயைப் பரப்பும் அதே க்யூலெக்ஸ் கொசு 1980களில் கலாபகோஸுக்குள் நுழைந்தது. அது ஒருமுறை வந்து நின்ற விருந்தாளியும் அல்ல. பெருநிலத்திலிருந்து விமானங்களில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது, படகுகள் வழியே தீவுவிட்டுத் தீவும் பரவுகிறது என்று 2009இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அதே ஆண்டு, கலாபகோஸ் பெங்குவின்களின் ரத்தத்தில் மலேரியா இனத்து ஒட்டுண்ணி இருப்பதும் வெளியானது. ஹவாய் எரிமலைத் தீவுகளுக்கு 19ஆம் நூற்றாண்டில் கப்பலில் போய்ச் சேர்ந்ததும் இதே கொசுதான். அது சுமந்து பரப்பிய பறவை மலேரியா அந்தத் தீவுகளின் தேன்குருவி இனங்கள் பலவற்றை அடியோடு அழித்தது. எஞ்சியவை குளிர் மிகுந்த மலையுச்சிகளில் ஒதுங்கிக் கிடக்கின்றன. கலாபகோஸ் பெங்குவின்களின் மொத்தத் தொகை சில ஆயிரங்களுக்குள் அடக்கம். 1982–83 எல்நினோவில் மட்டும் அவற்றில் முக்கால் பங்குக்கு மேல் மடிந்தன. இன்னொரு அடியைத் தாங்கும் கூட்டம் அல்ல அது.

கப்பல் இரவில் விளக்கோடு நங்கூரமிட்டு நிற்கிறது. வெளிச்சத்துக்குத் தீவின் பூச்சிகள் பறந்து வருகின்றன. பயணிகள் தூங்கும்போது கப்பல் அடுத்த தீவுக்கு நகர்கிறது. பொழுது விடியும்போது ஒரு தீவின் பூச்சி மறு தீவின் கரைக்கு வந்துவிடுகிறது. கப்பலின் அடிப்பகுதியிலும் உயிர்கள் ஒட்டிக்கொண்டு பயணம் செய்கின்றன. கலாபகோஸ் கடலில் ஐந்து அந்நிய இனங்களே இருப்பதாக நம்பியிருந்தார்கள். 2019இல் வெளிவந்த ஆய்வு 53 இனங்களைப் பட்டியலிட்டது.

எல்லாக் கேட்டையும் பயணிகள் கொண்டுவருவதாகச் சொன்னால் அது பொய். 2023 செப்டம்பரில் பறவைக் காய்ச்சல் அங்கே உறுதியானது. அதை வலசைப் பறவைகள் கொண்டுவந்திருக்கும் என்றே கருதப்படுகிறது. ஆனால் அன்று பூங்கா நிர்வாகம் பாதித்த இடங்களை மூடி, காலணிகளையும் கருவிகளையும் கிருமிநீக்கம் செய்யச் சொன்னது. பறவை கொண்டுவந்ததை மனிதக் கால் அடுத்த கரைக்குக் கொண்டுபோகும் என்பதே காரணம்.

இனி அந்த நான்கு நாளைப் பிரித்துப் பாருங்கள். முதல் நாள் காலை கிட்டோவிலிருந்தோ குவாயாகிலிலிருந்தோ விமானம்; மதியத்துக்கு மேல் ஒரு நடை. நான்காம் நாள் காலையில் ஓரிடம் காட்டிவிட்டு மறுபடி விமான நிலையம். நடுவில் முழுதாகக் கிடைப்பது இரண்டு நாள். சென்னையிலிருந்து கிட்டோவுக்குப் போய்ச் சேரவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். இரண்டு முழு நாளுக்காக உலகின் மறுபக்கத்திலிருந்து ஒரு பெட்டியையும் ஒரு ஜோடிக் காலணியையும் அங்கே கொண்டுபோய் இறக்குவது, என் கணிப்பில், செய்யத்தகாத காரியம். போவதானால் வாழ்நாளில் ஒருமுறை, எட்டு நாளாவது தங்கிப் போங்கள். அதற்குப் பணமோ விடுப்போ இல்லையென்றால் பொறுத்திருங்கள். பூங்கா நிர்வாகமும் படுக்கைக் கணக்கோடு நிற்காமல் ஆள் கணக்குக்கு வர வேண்டும்.

மேற்குக் கோடியில் பெர்னாண்டினா என்றொரு தீவு இருக்கிறது. 640 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரப்பு. 2024 மார்ச்சில்கூட அதன் எரிமலை வெடித்துக் குழம்பு வழிந்தது. 1906க்குப் பிறகு ஒருவர் கண்ணிலும் படாமல், அழிந்தே போனதாக எண்ணியிருந்த ஓர் ஆமை இனத்தின் பெண் ஆமை 2019இல் அங்கே உயிரோடு கிடைத்தது. அந்தத் தீவில் இன்றுவரை எலி இல்லை, ஆடு இல்லை, பூனை இல்லை. பயணிகள் கரையிறங்கும் இடம் அங்கே ஒன்றுதான்: புன்டா எஸ்பினோசா. என்றாவது அங்கே போய் நின்றால், படகிலிருந்து கால் வைக்கும் முன் காலணியின் அடியைத் திருப்பிப் பாருங்கள். கால்சட்டை மடிப்பையும் உதறிப் பாருங்கள். ஒரு விதை இருந்தாலும் எடுத்துக் கப்பலில் ஒப்படைத்துவிட்டு இறங்குங்கள்.