உழவு இயந்திரப் பெட்டியைப் பேணல்

பெரும்போக அறுவடைக்கு முன்னர்க் கமக்காரர் உழவு இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதுண்டு. அதன் பின்னே மூடை சுமக்கும் பெட்டியை நினைப்பவர் சிலரே. இருசில்லு உழவு இயந்திரத்தை ஓட்டுபவர் பெட்டியிலேயே அமர்கின்றார். காலால் மிதிக்கும் தடையும் பெரும்பாலும் அதிலேயே உள்ளது. ஆகவே பெட்டி பழுதானால் இழப்பது நெல் மட்டுமன்று.

வெறும் பெட்டியை இயந்திரத்தோடு பூட்டியபடியே சமதரையில் நிறுத்தி, மற்றச் சில்லுக்கு முட்டுக்கொடுத்து, ஒரு சில்லை ஜக்கினால் உயர்த்துக. மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கால் சில்லு அசையுமாயின் பெயாரிங் தேய்ந்தோ தளர்ந்தோ உள்ளது. சுழற்றும்போது கரகரவென ஓசை எழினும் கழற்றிப் பார்த்தல் வேண்டும். வாய்க்காலில் இறங்கிய பெட்டியில் நீர் புகுந்து கிறீஸ் வெளுத்திருக்கும். அதன்மேற் புதியதை அப்புதல் வீண்வேலை. பழையதை மண்ணெண்ணெயாற் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே புதிய கிறீசை உருளைகளின் இடையே புகுமாறு அழுத்துக. நட்டை இறுக்கிச் சில்லைச் சுழற்றியபின் சிறிது தளர்த்துக. சில்லு ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது. நட்டைக் காக்கும் ஊசி புதியதாயிருத்தல் நன்று.

இணைப்பு ஆணிக்குப் பதிலாகக் கம்பியைச் செருகி ஓட்டுவாரும் உளர். பள்ளத்தில் விழுந்தெழுகையில் அது வளைந்து நழுவும். பின்னர் இயந்திரத்தை அடக்குதல் அரிது.

உரம் ஏற்றிய நாளிலேயே பெட்டியைக் கழுவாவிடின் தகடு துருப்பிடிக்கும்.

பாரமேற்றுமுன் தடையை மிதித்துச் சோதிக்குக. இரு சில்லும் ஒருங்கே பிடிக்காவிடில் பெட்டி ஒருபுறம் இழுக்கும். அதைத் திருத்தாமற் குளக்கட்டில் ஏற்றலாகாது.