பதினேழு ஆண்டு கழித்து ஓர் ஆல்பம்

ஐஐடியும் ஐசரும் இருக்கும் ஏர்பேட்டில் கிட்டாரும் கையுமாகத் திரியும் மாணவ நேயர்களே, இது உங்களுக்கு. 1984-ல் பம்பாயில் பிறந்த ராக் மெஷின், கல்லூரி மேடைகளைக் கலக்கிய குழு. 1993-ல் இண்டஸ் கிரீட் என்று பெயர் மாறியது, 1997-ல் கலைந்தது. 2010-ல் பாடகர் உதய் பெனகலும் கிட்டார் கலைஞர் மகேஷ் தினைகரும் மறுபடி கைகோத்தார்கள்.

திரும்பி வரும் குழுவிடம் ரசிகர்கள் கேட்பது பழைய பாட்டைத்தான். ஆனால் 1995-ல் வந்த ஆல்பத்துக்குப் பிறகு 2012-ல் வந்த ‘இவால்வ்’ ஆல்பத்தில் புதுப்பாட்டு, புது ஒலி. துணிச்சல்தான்! ஒலிக்கலவை டிம் பாமர். ராக் குழுவான பெர்ல் ஜாமின் ‘டென்’ ஆல்பத்துக்கும் அவரேதான். ‘ஃபயர்ஃப்ளைஸ்’ பாட்டிலிருந்து கேட்கத் தொடங்குங்கள்.