குலம், கோத்திரம் - வேறுபாடு

குலம், கோத்திரம் ஆகிய இரண்டும் ஒருவரின் பிறப்பு வழியைக் குறிக்கும் சொற்கள். பேச்சு வழக்கில் "குலம் கோத்திரம்" என்று சேர்த்தே சொல்வதால் இரண்டும் ஒன்றே எனப் பலர் கருதுகின்றனர். கோத்திரத்தைச் சாதியின் மறுபெயராக எண்ணுவோரும் உண்டு. இரண்டு எண்ணங்களும் தவறு.

குலம் என்பது விரிந்து சுருங்கும் சொல். மனித குலம் என்னும்போது உலகத்தார் அனைவரும் அதில் அடங்குவர். சோழர் தம்மைச் சூரிய குலத்தார் என்றும், பாண்டியர் சந்திர குலத்தார் என்றும் கூறிக்கொண்டபோது அது அரச மரபைக் குறித்தது. குலத்தொழில் என்பதில் சாதியையும், குலதெய்வம் என்பதில் ஒரு கோயிலை வழிபடும் பங்காளிகளையும் அது குறிக்கிறது. எனவே குலம் என்ற சொல்லின் அளவை இடம் நோக்கியே அறிய வேண்டும்.

கோத்திரம் அவ்வளவு நெகிழ்வானதன்று. வேத காலத்தில் மாட்டுத் தொழுவத்தைக் குறித்த இந்த வடசொல், பின்னர் ஒரு முனிவரை முன்னோராகக் கொண்ட தந்தைவழியைக் குறிக்கலாயிற்று. விசுவாமித்திரர், ஜமதக்கினி, பரத்துவாசர், கௌதமர், அத்திரி, வசிட்டர், காசியபர் ஆகிய எழுவரோடு அகத்தியரையும் சேர்த்து எண்மரை மூலமாகக் கொள்வது மரபு. பிள்ளைகளுக்குத் தந்தையின் கோத்திரம். மணமான பெண்ணுக்குக் கணவனின் கோத்திரம். தம் கோத்திரம் தெரியாதவர்கள் காசியப கோத்திரம் என்று சொல்லிக்கொள்ளவும் மரபு இடம் தருகிறது. ஆகவே காசியப கோத்திரத்தார் எல்லாரும் ஒரே குடும்பத்தின் வழியினர் என்று கொள்ள இயலாது.

கோத்திரத்தின் முதன்மையான பயன் திருமணத்தில்தான். ஒரே கோத்திரத்தார் உடன்பிறந்தாருக்கு ஒப்பானவர்கள் என்பதால் தமக்குள் மணம் செய்வதில்லை. ஆனால் இந்தக் கணக்கு இரத்த உறவை அளப்பதில்லை. தாய்மாமன் மகள் மிக நெருங்கிய உறவினள். எனினும் அவள் கோத்திரம் வேறு என்பதால் தென்னாட்டில் அவளை மணப்பதற்குத் தடை இருந்ததில்லை. போதாயன தர்மசூத்திரமே இதைத் தென்னாட்டு வழக்கமாகக் குறிப்பிடுகிறது. முன்பின் அறியாத தொலைதூரத்துப் பெண்ணோ, கோத்திரம் ஒன்று என்பதற்காகவே விலக்கப்பட்டாள்!

முனிவர் பெயரால் அமைந்த கோத்திரம் வழங்காத சமூகங்களில் இதே வேலையை வேறு பிரிவுகள் செய்கின்றன. கொங்கு வேளாளரிடம் ஆந்தை, காடை போன்ற குலங்கள் உள்ளன. கூட்டம் என்றும் இவற்றைச் சொல்வர். ஒரே குலத்தார் பங்காளிகள் ஆதலால் பெண் கொடுத்து எடுப்பதில்லை. இங்கே குலம் என்ற சொல் கோத்திரத்தின் பணியைச் செய்வதைக் காணலாம். குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம். நகரத்தார் இளையாற்றங்குடி, பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது கோயில்களின் பெயரால் பிரிந்துள்ளனர். கொண்டையங்கோட்டை மறவரின் கிளை தாய்வழியில் வருவது; பிள்ளைகள் தாயின் கிளையைச் சேர்வர்.

"பாத்திரம் அறிந்து பிச்சையிடு, கோத்திரம் அறிந்து பெண்ணைக் கொடு" என்ற பழமொழியில் முனிவர் வழி பேசப்படவில்லை. குடும்பத்தின் தன்மையை விசாரி என்பதே அங்குப் பொருள்.

ஒரே கோத்திரம் என்று அறிந்து இன்றும் சில வீடுகளில் பேசி முடித்த திருமணம் நின்றுபோகிறது. சட்டம் அதற்குக் காரணமாகாது. அத்தகைய மணம் செல்லும் என்று 1946-ஆம் ஆண்டுச் சட்டமே கூறிவிட்டது. 1955-இன் இந்து திருமணச் சட்டமும் கோத்திரத்தைப் பார்ப்பதில்லை. தம்மையும் சேர்த்து எண்ணித் தந்தைவழியில் ஐந்து தலைமுறை, தாய்வழியில் மூன்று தலைமுறை வரையுள்ள உறவையும், விலக்கப்பட்ட வேறு சில நெருங்கிய உறவுகளையுமே அது தடுக்கிறது. வழக்கம் அனுமதிக்கும் இடங்களில் அந்தத் தடையும் இல்லை.