நான்கா, ஆறா, எட்டா? ஒரு சாலைக்கு எத்தனை தடம் போதும்

பாடியில் தொடங்கி அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம் வழியாகத் திருநின்றவூருக்குச் செல்லும் சென்னை–திருத்தணி நெடுஞ்சாலைதான் மேற்குப் புறநகரின் பிரதான சாலை. மக்கள் வாயில் அது எம்.டி.எச். ரோடு, சி.டி.எச். ரோடு. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தபின் இந்தச் சாலையை ஒட்டியே ஊர்கள் வளர்ந்தன. லோடு லாரி, கம்பெனி பஸ், மாநகரப் பேருந்து, ஷேர் ஆட்டோ, டூ வீலர், திருப்பதி செல்லும் வண்டி எல்லாம் இதே சாலையில்தான் ஓடுகின்றன. இதை நூறடி அகலத்தில் ஆறு வழிச்சாலையாக்கும் திட்டம் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசப்படுகிறது. ஆறு என்ற அந்த எண்ணை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பது சாலையைப் பயன்படுத்தும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு.

முதல் படி, ஓடுகிற வண்டிகளை எண்ணுவது. லாரியும் ஸ்கூட்டரும் சாலையில் ஒரே அளவு இடத்தை அடைப்பதில்லை. அதனால் எல்லா வண்டிகளையும் கார் கணக்குக்கு மாற்றுகிறார்கள். இந்திய சாலைகள் காங்கிரஸ் 1990-இல் நகரச் சாலைகளுக்கு வெளியிட்ட விதிமுறைப்படி, ஒரு கார் 1 அலகு. டூ வீலர் 0.5 முதல் 0.75 வரை, ஆட்டோ 1.2 முதல் 2 வரை, பஸ் அல்லது லாரி 2.2 முதல் 3.7 வரை. மொத்தப் போக்குவரத்தில் அந்த வகை வண்டியின் பங்கு கூடும்போது மதிப்பும் கூடும். நெரிசல் மிகுந்த காலை, மாலை நேரங்களில் ஒரு மணிக்கு எத்தனை அலகு ஓடுகிறது என்பதே அடுத்த கணக்குகளுக்கு அடிப்படை.

இரண்டாவது, சாலை எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது. இதே விதிமுறை, நடுவில் மீடியன் உள்ள நான்கு வழிப் பிரதான சாலைக்கு மணிக்கு 3,600 அலகு, ஆறு வழிக்கு 5,400, எட்டு வழிக்கு 7,200 என்று வைத்திருக்கிறது. ஆனால் ஓரத்தில் வண்டி நிற்காமல், கடைகளின் வாசல் நேராகச் சாலையில் திறக்காமல், குறுக்கே வருபவை மிகக் குறைவாக இருந்தால்தான் இந்த அளவு கிடைக்கும். வாசல்கள் சாலையில் திறக்கும் துணைப் பிரதான சாலை என்றால், நான்கு வழிக்கு 2,900, ஆறு வழிக்கு 4,300 என்று இறங்கிவிடும். அதுவும் ஓரத்தில் வண்டி நிறுத்தாதபோதுதான்.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். இரு பக்கமும் கடை திறந்திருக்கும் நான்கு வழிச்சாலையில் இரண்டு தடம் கூட்டினால் 1,400 அலகு கூடுகிறது. புதிதாக ஒரு தடம்கூடப் போடாமல், வாசல்களை சர்வீஸ் ரோட்டுக்குத் திருப்பி, கண்ட இடத்தில் யூ-டர்ன் எடுப்பதை நிறுத்தினாலே 700 அலகு கூடும். அகலப்படுத்திக் கிடைப்பதில் பாதி அது.

மூன்றாவது, வருங்காலம். இன்று 2,900 அலகில் நிறைந்துவிட்ட ஒரு சாலையில் போக்குவரத்து ஆண்டுக்கு 5 சதவீதம் கூடுவதாக வைத்துக்கொள்வோம். ஆறு வழியாக்கி வாசல்களை அப்படியே விட்டால் எட்டு ஆண்டில் மறுபடி நிறைந்துவிடும். அதே ஆறு வழியை ஒழுங்காக வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 13 ஆண்டு தாங்கும். நில எடுப்பே பல ஆண்டு இழுக்கும் ஊரில் இந்த வித்தியாசம் பெரியது. சாலை திறப்பதற்குள்ளேயே புதிய தடங்களின் பலனில் ஒரு பகுதி கரைந்துவிடும்.

நான்காவது, நிலம். ஒரு தடத்துக்கு 3.5 மீட்டர் என்றால் ஆறு தடத்துக்கு 21 மீட்டர். நூறடி என்பது 30.5 மீட்டர். மீதி ஒன்பதரை மீட்டரில் மீடியன், இரு பக்கமும் நடைபாதை, மழைநீர் வடிகால், பஸ் நிற்கும் இடம், மின்கம்பம் எல்லாம் அடங்க வேண்டும். இன்னும் இரண்டு தடத்துக்கு 7 மீட்டர் போனால் மிஞ்சுவது இரண்டரை மீட்டர். நடைபாதை இல்லாவிட்டால் ஆட்கள் தார்ச்சாலையில் நடப்பார்கள். பஸ்ஸுக்குத் தனி இடம் இல்லாவிட்டால் அது ஓரத் தடத்தில்தான் நிற்கும். வடிகால் இல்லாவிட்டால் மழைக்கு அதே தடம் குளமாகும். வரைபடத்தில் எட்டு வழியாக இருப்பது ரோட்டில் ஆறு வழியாகவே ஓடும். எட்டு வேண்டுமானால் நூறடி போதாது. கூடுதல் நிலம் கடைகளையும் வீடுகளையும் இடித்துத்தான் கிடைக்கும். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி சந்தை மதிப்புடன் அதே அளவு ஆறுதல் தொகையும் தர வேண்டும் என்பதால், நிலத்தின் விலை தார் போடும் செலவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

ஐந்தாவது, சிக்னல். இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே எத்தனை தடம் இருந்தாலும், ஒரு மணி நேரத்தில் 24 நிமிடம் மட்டும் பச்சை எரிந்தால் முழுத் திறனில் ஐந்தில் இரண்டு பங்குதான் அதைத் தாண்டும். அகலமான சாலை குறுகலாக மாறும் இடத்தில் வரிசை அங்கேயே தேங்கும். அதனால் அகலப்படுத்தும் பணம் முதலில் போக வேண்டியது சந்திப்புகளுக்கு. வலப்பக்கம் திரும்பத் தனித் தடம், தேவைப்படும் இடத்தில் மேம்பாலம், அகலம் குறையாமல் தொடரும் சாலை ஆகியவை இல்லாமல் நடுவில் மட்டும் தடம் கூட்டிப் பயனில்லை.

தடத்தைக் கூட்டிக்கொண்டே போனால் நெரிசல் தீர்ந்துவிடுமா? அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி நெடுஞ்சாலை 2008-இல் விரிவாக்கி முடிக்கப்பட்டது. சர்வீஸ் ரோடுகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடம். சில ஆண்டுகளிலேயே நெரிசல் நேரப் பயணம் மறுபடி நீண்டது. சாலை சுலபமானதும் வேறு வழியில் போனவர்கள் இங்கே திரும்புவார்கள், ரயிலில் போனவர்கள் வண்டி எடுப்பார்கள், தள்ளிப்போய் வீடு வாங்குவார்கள். டுராண்டன், டர்னர் என்ற பொருளியலாளர்கள் அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட கட்டுரையும், பெருநகர நெடுஞ்சாலைத் தடங்களின் மொத்த நீளம் எவ்வளவு கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடுகிறது என்று காட்டியது.

ஆகவே தடத்தை எண்ணும்போது ஆட்களையும் எண்ண வேண்டும். 60 பேர் ஆளுக்கொரு டூ வீலரில் போனால் 0.75 வீதம் 45 அலகு. அதே 60 பேரை ஏற்றிய பஸ் அதிகபட்சக் கணக்கிலும் 3.7 அலகுதான். இந்தச் சாலைக்கு இணையாகவே அரக்கோணம் ரயில் பாதை ஓடுகிறது. கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை மெட்ரோ நீட்டிப்பும் திட்டத்தில் இருக்கிறது. ஊருக்குள் வேலையில்லாத லாரிகளுக்கு 32 கிலோமீட்டர் சென்னை பைபாஸ் இருக்கிறது. அதற்கும் அப்பால் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை நெமிலிச்சேரியில் இதே சாலையைச் சந்திக்கிறது. அந்த வெளிவட்டச் சாலைக்கு 122 மீட்டர் அகலத்துக்கு நிலத்தை முதலிலேயே எடுத்து, அதில் ஆறு வழியும் சர்வீஸ் ரோடும் போட்டு, எதிர்கால ரயிலுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். ஊர் வளரும் முன் நிலத்தை ஒதுக்கினால் தடத்தைப் பிறகு கூட்டலாம். ஊர் வளர்ந்துவிட்ட அம்பத்தூரிலும் ஆவடியிலும் அந்த வசதி இல்லை.

நூறடிக்குள் ஆறுக்கு மேல் போனால் லாபம் இல்லை. நான்கிலேயே நின்றால் இன்றைய கூட்டத்துக்கே போதாது. ஆறு வழி என்ற முடிவு இப்படித்தான் வருகிறது. ஆனால் அந்த ஆறும் 4,300 தருமா 5,400 தருமா என்பதை முடிவு செய்வது மீதி ஒன்பதரை மீட்டரும் சந்திப்புகளும்தான்.